அறை வாடகை என்ற அந்த ஒரு வரி

2025 பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், அம்மா கொல்லைப்புறத்தில் துவைக்கிற கல் பக்கத்தில் வழுக்கி விழுந்தார். நான் சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் கணக்கு எழுதுகிறேன். பக்கத்து வீட்டு அத்தை போன் செய்தபோது ஆபீஸில் இருந்தேன். விருதுநகர் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அம்மாவைத் திண்ணையில் படுக்க வைத்திருந்தார்கள். வலது கால் ஒரு மாதிரி வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. தொட்டாலே அலறினார். அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது, எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. அத்தை மட்டும் கூட வர, தனியார் ஆம்புலன்ஸ் பிடித்து மதுரைக்குப் போனோம். எக்ஸ்ரேயில் இடுப்பு மூட்டுப் பக்கம் எலும்பு முறிவு. பந்துக் கிண்ணத்தில் பந்தை மாற்றுகிற மாதிரி செயற்கை மூட்டு வைக்க வேண்டும், வயது 67 என்பதால் தள்ளிப்போடக் கூடாது என்றார் டாக்டர்.

அந்த ஏழு நாட்களில் பணம் எப்படிக் கையை விட்டுப் போனது, பிறகு அதில் ஒரு பகுதியை எப்படி மீட்டேன் என்பதைத்தான் எழுதுகிறேன். எங்கள் மொத்த பில் 3,02,000 ரூபாய். அம்மா பேரில் 3 லட்சத்துக்கு இன்சூரன்ஸ் இருந்தது. டிஸ்சார்ஜ் அன்று என் கையிலிருந்து போனது 1,87,600. இன்சூரன்ஸ் கொடுத்தது 1,14,400. 2021 ஜூனிலிருந்து ஒரு வருஷம்கூட விடாமல் ப்ரீமியம் கட்டியிருந்தேன். இன்சூரன்ஸ் கம்பெனியின் கணக்குத் தாளைப் பில் கவுன்ட்டரில் வாங்கிப் படித்தபோது வயிறு கலங்கியது. அழுகையைவிடக் கோபம்தான் வந்தது, யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

எல்லாத் தப்பும் அட்மிஷன் கவுன்ட்டரில் ஒரே நிமிஷத்தில் நடந்துவிட்டது. அம்மா கேஷுவாலிட்டியில் வலியில் முனகிக்கொண்டிருக்கிறார். கவுன்ட்டரில் இருந்த பெண், "இன்சூரன்ஸ் இருக்காக்கா? அப்ப சிங்கிள் ஏசி ரூமே போட்டுரலாமா? நாளைக்கு ஆறாயிரம்தான்" என்று கேட்டது. மூன்று பேர் படுக்கிற ஷேரிங் ரூம் 3,000 என்றும் சொன்னது. அம்மா நிம்மதியாகத் தூங்கட்டும் என்று நான் சிங்கிள் ரூமுக்குத் தலையாட்டினேன். பாலிசியில் அறைக்கு ஏதாவது வரம்பு இருந்தால், மிஞ்சிப்போனால் மிச்ச வாடகையை நாம் கட்டப் போகிறோம் என்று மனதுக்குள் ஒரு கணக்கு ஓடியது. அந்தக் கணக்குதான் தப்பு.

எங்கள் பாலிசியில் அறை வாடகை ஒரு நாளைக்குக் காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம் வரை. ஐசியு என்றால் 2 சதவீதம். 3 லட்சத்துக்கு 1 சதவீதம் 3,000 ரூபாய். நான் எடுத்தது 6,000 ரூபாய் அறை, அதாவது எனக்கு அனுமதித்ததைப் போல இரண்டு மடங்கு. இப்படி வரம்பைத் தாண்டினால் வாடகையில் மட்டும் வெட்ட மாட்டார்கள். அனுமதித்த வாடகைக்கும் எடுத்த வாடகைக்கும் என்ன விகிதமோ அதே விகிதத்தில் டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ், நர்சிங் சார்ஜ் எல்லாவற்றையும் வெட்டுவார்கள். இதற்குப் பெயர் ப்ரொபோர்ஷனேட் டிடக்‌ஷன், தமிழில் விகிதாசாரப் பிடித்தம் என்று சொல்லலாம். காரணம் இல்லாமல் இல்லை. பெரும்பாலான தனியார் ஆஸ்பத்திரிகளில் அதே ஆபரேஷனுக்கு ஜெனரல் வார்டில் ஒரு ரேட், சிங்கிள் ரூமில் ஒரு ரேட். அறை உயர உயர டாக்டர் ஃபீஸும் தியேட்டர் ரேட்டும் கூடவே உயரும். பெரிய அறைக்குப் போய் அந்த ரேட்டை நீ ஏற்றிக்கொண்டாய், அதை நான் ஏன் தர வேண்டும் என்பது கம்பெனியின் வாதம். ஆனால் இதை அட்மிஷன் கவுன்ட்டரில் யாரும் சொல்வதில்லை. ஆஸ்பத்திரிக்குப் பெரிய அறை நிரம்பினால் போதும். இன்சூரன்ஸ் கம்பெனி அந்த இடத்திலேயே இல்லை. ஏஜென்ட் அண்ணன் பாலிசி போடும்போது "எல்லாமே கவர் ஆகும் மேடம், கார்டைக் காட்டினாப் போதும்" என்று சொன்னதோடு சரி.

அதனால் படிப்பவர்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, இன்றைக்கே பாலிசியை எடுத்து அறை வாடகை வரம்பு என்ன என்று பார்ப்பது. சிலவற்றில் சதவீதமாக இருக்கும். சிலவற்றில் 'சிங்கிள் ப்ரைவேட் ஏசி ரூம்' என்று அறை வகையாக இருக்கும். சிலவற்றில் வரம்பே இருக்காது. காப்பீட்டுத் தொகை எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, இந்த வரி மட்டும் தெரிவதில்லை. புத்தகம் பெரிதாக இருக்கிறது என்று பயப்பட வேண்டாம். கஸ்டமர் இன்ஃபர்மேஷன் ஷீட் என்று இரண்டு மூன்று பக்கத் தாள் ஒன்று பாலிசியோடு வரும். 2024 ஜனவரி 1 முதல் அதைப் புதிய வடிவத்தில் தர வேண்டும் என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கிற அரசு ஆணையமான ஐஆர்டிஏஐ உத்தரவு போட்டிருக்கிறது. கேட்டால் உள்ளூர் மொழியிலும் தர வேண்டும். நான் இப்போது தமிழில் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். அறை வரம்பு, கோ-பே (க்ளெய்மில் நாம் கட்ட வேண்டிய பங்கு), காத்திருப்புக் காலம் (ஒரு நோய்க்குப் பணம் கிடைக்கக் காத்திருக்க வேண்டிய காலம்), எது கவர் ஆகாது என்பதெல்லாம் அதில் வரிசையாக இருக்கிறது. புதிதாகப் பாலிசி எடுக்கிறவர்களுக்கு 30 நாள் ஃப்ரீ லுக் அவகாசமும் உண்டு. அந்த 30 நாளுக்குள் படித்துப் பார்த்துப் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். எனக்கு அது தெரிந்திருந்தாலும் 2021-இல் படித்திருப்பேனா என்று தெரியவில்லை. உடம்பு நன்றாக இருக்கும்போது யாருக்கும் படிக்கத் தோன்றுவதில்லை.

அட்மிஷன் முடிந்ததும் 25,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டச் சொன்னார்கள். "கேஷ்லெஸ்தானே?" என்றேன். கம்பெனியே நேரடியாக ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டுவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். அப்ரூவல் வரும்வரை அட்வான்ஸ் கட்ட வேண்டும், கடைசியில் கழித்துக்கொள்வோம் என்றார்கள். கேஷ்லெஸ் என்ற வார்த்தையை நம்பி யாரும் வெறுங்கையோடு போகாதீர்கள். செவ்வாய்க்கிழமை காலை இன்சூரன்ஸ் டெஸ்க்கிலிருந்து கூப்பிட்டு, கம்பெனி ஒரு க்வெரி போட்டிருக்கிறது என்றார்கள். பேஷன்ட்டுக்குப் பத்து வருஷமாக ரத்தக் கொதிப்பு என்று கேஸ் ஷீட்டில் இருக்கிறது, பாலிசி எடுக்கும்போது ஏன் சொல்லவில்லை? எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவுக்கு பிபி கண்டுபிடித்ததே 2023-இல்தான். அதாவது பாலிசி எடுத்து இரண்டு வருஷம் கழித்து. விசாரித்தால், கேஷுவாலிட்டியில் டியூட்டி டாக்டர் "எத்தனை வருஷமா மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்க, வலியில் இருந்த அம்மா "அது கெடக்கு பத்து வருஷமா" என்றிருக்கிறார். அவர் பேச்சில் பத்து வருஷம் என்றால் ரொம்ப நாள் என்று அர்த்தம். அந்த டாக்டர் அதை அப்படியே எழுதிவிட்டார்.

அந்த ஒரு வார்த்தையைத் திருத்த ஒரு பகல் முழுக்க ஓடினேன். அம்மாவை அத்தையிடம் விட்டுவிட்டு பஸ் ஏறி விருதுநகர் போய், எங்கள் குடும்ப டாக்டரிடம் முதன்முதலில் மாத்திரை எழுதிய தேதியோடு லெட்டர்பேடில் சான்று வாங்கினேன். வீட்டில் அரிசி டப்பா மேலே இருந்த பழைய மருந்துச் சீட்டுகளில் 2023-ஆம் வருஷச் சீட்டு கிடைத்தது. அது கிடைத்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே இன்றும் பயமாக இருக்கிறது. நாங்கள் மறைத்ததாகக் கம்பெனி முடிவு கட்டியிருந்தால் கேஷ்லெஸ் நின்றிருக்கும். பாலிசி தொடர்ந்து 60 மாதம் ஓடிவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய பழைய நோயை மறைத்தாய் என்று கேள்வி கேட்க முடியாது. முன்பு 96 மாதமாக இருந்ததை 2024-இல் குறைத்திருக்கிறார்கள். எங்களுக்கு 60 மாதம் ஆகவில்லை. ஆகவே, பழைய மருந்துச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். கேஷுவாலிட்டியில் நோயாளி சொல்லும்போது பக்கத்தில் நின்று, வருஷத்தைச் சரியாகச் சொல்லுங்கள். ஒரு நிமிஷம் ஷீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பொய் சொல்லச் சொல்லவில்லை. பாலிசி எடுக்கும்போது சர்க்கரை, பிபி இருந்தால் இருக்கிறது என்று ப்ரபோசல் படிவத்தில் நீங்களே எழுதுங்கள், ஏஜென்ட் நிரப்பித் தந்ததைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். பழைய நோய்களுக்கான காத்திருப்புக் காலம் இப்போது அதிகபட்சம் 36 மாதம்தான். மறைத்துவிட்டுப் பயந்துகொண்டிருப்பதைவிட மூன்று வருஷம் காத்திருப்பது எவ்வளவோ மேல்.

செவ்வாய் ராத்திரி அப்ரூவல் வந்தது, 60,000 ரூபாய்க்கு. மூன்று லட்சம் பாலிசிக்கு அறுபதாயிரமா என்று உட்கார்ந்துவிட்டேன். அது முதல் கட்ட அனுமதிதான், ஆபரேஷன் முடிந்து பில் ஏற ஏற ஆஸ்பத்திரி மறுபடி கேட்கும், டிஸ்சார்ஜ் அன்று வருவதுதான் கடைசித் தொகை என்று டெஸ்க்கில் இருந்த தம்பி விளக்கிச் சொன்னான். நல்ல பிள்ளை. ஆனால் அவனும் அறை வாடகை பற்றி வாய் திறக்கவில்லை. அந்த ராத்திரியே யாராவது சொல்லியிருந்தால் மறுநாள் காலை ஷேரிங் ரூமுக்கு மாற்றியிருப்பேன்.

புதன்கிழமை காலை தியேட்டருக்குக் கொண்டு போவதற்கு முன்னால் நர்ஸ் அம்மாவின் சங்கிலியையும் தோட்டையும் கழற்றி, காஸ் துணியில் சுற்றி, மேலே பிளாஸ்டர் ஒட்டி என் கையில் கொடுத்தார். கையெழுத்து வாங்கிக்கொண்டார். அம்மா கழுத்தில் சங்கிலி இல்லாமல் நான் பார்த்ததே இல்லை, சங்கிலி இருந்த இடத்தில் தோல் வெளுத்து ஒரு கோடு மாதிரி இருந்தது. அந்தப் பொட்டலத்தை என் கைப்பைக்குள் வைத்தேன். ஐந்து நாள் கழித்து, காஸ் துணியைக்கூடப் பிரிக்காமல் அதே பொட்டலத்தோடுதான் பேங்க்கில் நகைக்கடன் கவுன்ட்டரில் நின்றேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒரு ராத்திரி ஐசியு, மறுநாள் அறை, அதற்கு மறுநாள் வாக்கர் பிடித்து நிற்க வைத்தார்கள். அம்மா விஷயத்தில் டாக்டர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை காலை 9.30-க்கு ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்றார். நாங்கள் கிளம்பியது ராத்திரி 7 மணிக்கு. டிஸ்சார்ஜ் கோரிக்கை வந்த மூன்று மணி நேரத்துக்குள் இன்சூரன்ஸ் கம்பெனி கடைசி அனுமதி தர வேண்டும், அதற்கு மேல் இழுத்தடித்து ஆஸ்பத்திரி கூடுதலாக வாங்கினால் அதைக் கம்பெனிதான் ஏற்க வேண்டும் என்று 2024 மே மாதம் ஐஆர்டிஏஐ சுற்றறிக்கை போட்டிருக்கிறது. இதை முன்னாலேயே கேள்விப்பட்டிருந்ததால் மதியம் 1 மணிக்கு டெஸ்க்கில் போய்ச் சத்தம் போட்டேன். பிறகுதான் தெரிந்தது, ஆஸ்பத்திரியே பில்லை அனுப்பவில்லை. மீதி மருந்தைப் பார்மசி திருப்பி எடுத்துக் கணக்கு முடிக்க வேண்டும், டிஸ்சார்ஜ் சம்மரி டைப் ஆக வேண்டும், டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். இத்தனையும் முடிந்து 3.10-க்கு அனுப்பினார்கள், 5.50-க்குப் பதில் வந்துவிட்டது. மூன்று மணி நேரக் கணக்கு ஆஸ்பத்திரி அனுப்பும் நேரத்திலிருந்துதான் ஓடும். ஆகவே முந்தின நாள் சாயங்காலமே வார்டில் சொல்லி, மருந்து ரிட்டர்னையும் சம்மரியையும் தயார் செய்யச் சொல்லுங்கள். பில் எத்தனை மணிக்குப் போனது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்கு. பில்லில் இருந்தது இதுதான்: ஆறு நாள் அறை 36,000. ஐசியு ஒரு நாள் 6,000. சர்ஜன், மயக்க மருந்து டாக்டர் எல்லாம் சேர்த்து 70,000. தியேட்டர் 32,000. நர்சிங்கும் டாக்டர் விசிட்டும் 18,000. இம்ப்ளான்ட் (அம்மாவுக்கு வைத்த செயற்கை மூட்டு) 62,000. மருந்து, கன்ஸ்யூமபிள்ஸ் (பயன்படுத்தித் தூக்கிப் போடுகிற பொருள்கள்) 48,000. லேப், எக்ஸ்ரே, எக்கோ 21,000. மற்றவை 9,000. இதில் மற்றவை 9,000-ஐயும், மருந்து பில்லில் இருந்து 7,000-ஐயும் மருத்துவம் சாராத செலவு என்று முதலிலேயே தள்ளிவிட்டார்கள். கிளவுஸ், மாஸ்க், இசிஜி எலக்ட்ரோடு, டயப்பர், வாக்கர், ரெக்கார்டு நகல் சார்ஜ் இப்படி. இது அவர்கள் இஷ்டத்துக்குத் தள்ளுவது இல்லை, ஐஆர்டிஏஐ-யின் பட்டியலே இருக்கிறது. முதல் பட்டியலில் 68 பொருள்கள், இவற்றைப் பொதுவாக நாம்தான் கொடுக்க வேண்டும். கன்ஸ்யூமபிள்ஸ் கவர் என்று தனியாக ஒரு ரைடர், அதாவது பாலிசியோடு சேர்க்கிற கூடுதல் வசதி, எடுத்திருந்தால் கிடைக்கும். ஆனால் இரண்டாவது பட்டியல் என்று ஒன்று இருக்கிறது, அதைப் பாருங்கள். ஹவுஸ்கீப்பிங், ஏசி சார்ஜ், அட்மிஷன் கிட், ஃபைல் ஓப்பனிங் சார்ஜ், டாக்குமென்டேஷன் சார்ஜ், விசிட்டர் பாஸ், கையில் கட்டுகிற பெயர்ப்பட்டை, பல்ஸ் ஆக்சிமீட்டர் இதெல்லாம் அறை வாடகைக்குள்ளேயே அடங்க வேண்டியவை. எங்கள் பில்லில் டாக்குமென்டேஷனுக்கு மட்டும் 1,500 தனியாகப் போட்டு, அதை நான் கட்டினேன். பணம் கட்டுவதற்கு முன்னால் ஐட்டம்வாரியான பில்லைக் கேட்டு வாங்கி, அதில் இப்படி ஏதாவது இருந்தால் கவுன்ட்டரிலேயே கேளுங்கள். கட்டிவிட்டு வந்த பிறகு கேட்டால் மரியாதையாகப் பேசுவார்கள், பணம் வராது.

மிச்சத்தைக் கம்பெனி எப்படிப் போட்டது என்றால், அறைக்கு ஆறு நாளைக்கு 18,000 மட்டும். அது சரி. மற்ற எல்லாவற்றிலும் பாதி. ஐசியு-வில் பாதி, டாக்டர் ஃபீஸில் பாதி, இம்ப்ளான்ட்டில் பாதி, மருந்தில் பாதி, லேபில் பாதி. மொத்தம் 1,43,000 என்று வந்தது. அதில் 20 சதவீதம், 28,600 ரூபாய், கோ-பே என்று கழித்து 1,14,400. கோ-பே என்றால் ஒவ்வொரு க்ளெய்மிலும் நம் பங்கு. அம்மா 60 வயதுக்கு மேல் பாலிசியில் சேர்ந்ததால் இந்த 20 சதவீதம். அதுவும் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். என் சேமிப்பிலிருந்து அட்வான்ஸ் போக 62,600, அம்மாவின் நகை மேல் ஒரு லட்சம் கடன். வண்டியில் வரும்போது அம்மா "இன்சூரன்ஸ்ல எல்லாம் முடிஞ்சிருச்சா பாப்பா?" என்று கேட்டார். ஆமாம்மா என்றேன்.

இரண்டு வாரம் அந்தத் தாளைத் தொடவில்லை. அம்மாவைக் குளிக்க வைப்பது, நடக்க வைப்பது, ஆபீஸ் லீவு என்று ஓடியது. சம்பளம் இல்லாத லீவு மட்டும் 9 நாள். ஒரு ராத்திரி தூக்கம் வராமல் பாலிசிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். விளக்கங்கள் என்ற பகுதியில் 'அசோசியேட்டட் மெடிக்கல் எக்ஸ்பென்சஸ்' என்று ஒரு வார்த்தை, அதாவது டாக்டர் ஃபீஸ், தியேட்டர், நர்சிங் மாதிரி அறையோடு சேர்ந்து ரேட் ஏறுகிற செலவுகள். விகிதாசாரப் பிடித்தம் இந்தச் செலவுகளுக்கு மட்டும்தான் என்றும், மருந்து, கன்ஸ்யூமபிள்ஸ், இம்ப்ளான்ட், மருத்துவ உபகரணங்கள், பரிசோதனைச் செலவு ஆகியவை இதில் சேராது என்றும் அச்சடித்திருந்தது. ஐசியு கட்டணத்துக்கும் விகிதாசாரப் பிடித்தம் கிடையாது. அறையைப் பொறுத்து ரேட் மாற்றாத ஆஸ்பத்திரியாக இருந்தால் பிடிக்கவே கூடாது என்றும் இருந்தது. 2020-இல் ஐஆர்டிஏஐ பாலிசி வாசகங்களை ஒழுங்குபடுத்தியபோது வந்த விதி இது. யோசித்துப் பார்த்தால் நியாயமும் அதுதான். ஊசி மருந்தின் எம்ஆர்பி அறைக்கு அறை மாறாது. இம்ப்ளான்ட்டும் அப்படித்தான், அம்மா இடுப்பில் வைத்த மூட்டு ஷேரிங் ரூமில் படுத்திருந்தாலும் அதே விலைதான்.

ராத்திரி ஒரு மணிக்கு உட்கார்ந்து மறுபடி கணக்குப் போட்டேன். அறை 18,000. ஐசியு 6,000 முழுசாக, அது 2 சதவீத வரம்புக்குள்தான் இருந்தது. டாக்டர் ஃபீஸ், தியேட்டர், நர்சிங் இந்த மூன்றில் மட்டும் பாதி, 60,000. இம்ப்ளான்ட் 62,000. மருந்து 41,000. லேப் 21,000. மொத்தம் 2,08,000. 20 சதவீதம் கோ-பே போனால் 1,66,400. அவர்கள் கொடுத்ததற்கும் இதற்கும் 52,000 ரூபாய் வித்தியாசம். மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். தினமும் மற்றவர்கள் கணக்கைக் கூட்டுகிற எனக்கு அன்றைக்குக் கை நடுங்கியது.

மார்ச் மாதம் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு மெயில் அனுப்பினேன். பாலிசி நிபந்தனைப்படியே செட்டில் செய்யப்பட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. எதற்கு எவ்வளவு பிடித்தார்கள் என்று ஒரு எண்கூட இல்லை. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் விட்டுவிடுவார்கள், நானும் ஒரு வாரம் விட்டுவிட்டேன். ஏப்ரலில் ஐஆர்டிஏஐ-யின் பீமா பரோசா தளத்தில் புகார் பதிந்தேன். 155255 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் பதியலாம். இந்த முறை கெஞ்சி எழுதவில்லை. ஒரே தாளில் நான்கு கட்டம் போட்டேன்: செலவு, பில் தொகை, நீங்கள் கொடுத்தது, பாலிசிப்படி கொடுக்க வேண்டியது. பாலிசிப் புத்தகத்தின் பக்க எண்ணையும் அந்த வாசகத்தையும் கீழே எழுதினேன். ஆஸ்பத்திரி பில், பணம் கட்டிய ரசீது, இம்ப்ளான்ட் ஸ்டிக்கர் ஒட்டிய தாள், கேன்சல் செய்த செக் எல்லாம் சேர்த்து அனுப்பினேன். அதன் பிறகு கம்பெனியிலிருந்து வந்த போனில் பேச்சுத் தொனியே வேறாக இருந்தது. இரண்டு தடவை அதே காகிதங்களை மறுபடி கேட்டார்கள், அனுப்பினேன். ஜூன் இரண்டாவது வாரம் 52,000 ரூபாய் அம்மா கணக்கில் ஏறியது.

அதுவும் நடந்திருக்காவிட்டால் அடுத்த படி இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன், அதாவது இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்ப்பவர். தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கம்பெனிக்கு எழுதி ஒரு மாதம் வரை பதில் இல்லை என்றாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ அங்கே போகலாம். கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டியதில்லை. எல்லாவற்றையும் எழுத்தில் வைத்துக்கொள்வதுதான் முக்கியம். கஸ்டமர் கேரில் பேசிய பேச்சுக்கு மதிப்பில்லை.

52,000 திரும்பி வந்தாலும், அந்தச் சிங்கிள் ரூமால் போனது போனதுதான். டாக்டர் ஃபீஸிலும் தியேட்டரிலும் நர்சிங்கிலும் வெட்டிய 60,000 விதிப்படி சரியான வெட்டு. கோ-பே போக எனக்கு அதில் நஷ்டம் 48,000. வாடகை வித்தியாசம் 18,000 தனி. மொத்தம் 66,000. ஷேரிங் ரூமில் அந்த ஃபீஸே குறைவாக இருந்திருக்கும் என்பதை இதில் சேர்க்கவில்லை. அம்மா நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்று எடுத்த அறையில் முதல் மூன்று ராத்திரி வலியில் அவர் தூங்கவே இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு நஷ்டம். எங்கள் பாலிசியில் டிஸ்சார்ஜுக்குப் பிறகு 60 நாள் வரை ஆகிற மருந்து, டாக்டர் செலவைக் கேட்டு வாங்கலாம், அட்மிஷனுக்கு முந்தின 30 நாள் செலவையும் கேட்கலாம். அது தெரியாமல் தெருமுனைக் கடையில் சீட்டு இல்லாமல் 6,400 ரூபாய்க்கு மருந்து வாங்கியிருந்தேன். பிசியோதெரபிக்கு வீட்டுக்கு வந்தவருக்கு 20 தடவை 500 ரூபாய் வீதம் கையில் கொடுத்தேன், பில் வாங்கவில்லை. இரண்டும் வராமல் போயிற்று. நோயாளி பெயர், தேதி, டாக்டர் பெயரோடு பில் வேண்டும், டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டும் வேண்டும். இவ்வளவுதான் விஷயம்.

ஒன்று சொல்ல வேண்டும். எக்ஸ்ரே அறைக்கு வெளியே காத்திருந்தபோது, அதே மாதிரி எலும்பு முறிவோடு ஒரு பாட்டியைக் கூட்டி வந்திருந்த குடும்பத்தைப் பார்த்தேன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருந்தார்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பங்களுக்கு அது உண்டு. விஏஓ-விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் இருக்கிற மையத்தில் பதிய வேண்டும். ஆபத்து வந்த பிறகு ஓடாமல் முன்பே பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுக்கு என் சம்பளத்தால் அது வராது.

ஜூனில் பாலிசியைப் புதுப்பிக்கும்போது வேறு கம்பெனிக்கு மாற்றலாமா என்று விசாரித்தேன். அதற்குப் புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள் முன்னாலேயே விண்ணப்பித்திருக்க வேண்டும். அப்படியே கேட்டாலும் ஆபரேஷன் ஆன 67 வயது அம்மாவை ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் இஷ்டம். அதனால் அதே பாலிசியைத் தொடர்கிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி இல்லை என்று ஆகிவிட்டது. அடுத்த ப்ரீமியத்தில் மிச்சமாகிற அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, அறை வரம்பைத் தளர்த்துகிற வசதியை இதே பாலிசியில் சேர்க்க முடியுமா என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. அதுவரை பீரோ கதவின் உட்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. பாலிசி எண், கம்பெனி போன் எண், அம்மாவுக்கு பிபி மாத்திரை தொடங்கிய மாதமும் வருஷமும், அதற்குக் கீழே சிவப்பு மையில் 'அறை 3,000-க்கு மேல் வேண்டாம்'. நான் ஆபீஸில் இருக்கும்போது ஏதாவது என்றால் முதலில் ஓடி வருவது பக்கத்து வீட்டு அத்தைதான். போன வாரம் அவரைக் கூட்டி வந்து அந்தத் தாளைப் படித்துக் காட்டினேன்.